லிங்க் அறுந்தாலும் வேலை நிற்காத நெட்வொர்க்: நாங்கள் செய்து பார்த்தது

எங்கள் அலுவலகக் கட்டடங்கள் ஃபைபர் வளையத்தில் இருக்கின்றன, ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்குக் கூடுதலாக ஒரு மைக்ரோவேவ் லிங்க். ரவுட்டிங் ஓஎஸ்பிஎஃப், அதாவது ரவுட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிப் பாதையைக் கணக்கிடும் முறை. மாற்றுப் பாதை இருந்தும் நடுவில் ஒரு சுவிட்ச் செத்தால் போன் அழைப்புகள் அத்தனையும் அறுந்துவிடும். காரணம், ரவுட்டர்களுக்குள் 10 வினாடிக்கு ஒரு ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி), 40 வினாடி எதுவும் வராவிட்டால்தான் பக்கத்து ரவுட்டர் இல்லை என்ற முடிவு. கம்பி நேராக அறுந்தால் போர்ட்டே சொல்லிவிடும், நடுவில் சுவிட்ச் இருந்தால் சொல்லாது.

அதனால் பிஎஃப்டி போட்டோம், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று மிக வேகமாகச் சோதிக்கும் தனி முறை. 50 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட், 3 தவறினால் லிங்க் இல்லை. ஃபைபரில் பிரமாதம். மைக்ரோவேவில் மழை பெய்தால் லிங்க் மங்கி மங்கி மீளும், ஒவ்வொரு முறையும் எல்லா ரவுட்டரும் பாதையைத் திரும்பக் கணக்கிடும், அங்கே இந்த வேகமே தொல்லை. அதில் மட்டும் 300 மில்லிவினாடி ஆக்கினோம். லிங்க் போனதை உடனே நம்பலாம், திரும்பி வந்ததைக் கொஞ்ச நேரம் நிலைத்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று அதற்கும் ஒரு தாமதம் வைத்தோம்.

இதைவிடப் பெரிய போராட்டம் கொள்ளளவு. இணையத்துக்கு வெவ்வேறு நிறுவனங்களின் ஒரே அளவு லிங்க் இரண்டு, இரண்டிலும் 70 சதவீதம் ஓடியது. 30 சதவீதம் மிச்சம் இருக்கிறதே என்று நிர்வாகம் கேட்டது. ஒன்று போனால் மற்றதன் தலையில் 140 விழும், பாக்கெட்டுகள் தவறும், லிங்க் உயிரோடு இருந்தும் யாரும் வேலை செய்ய முடியாது! பரபரப்பான நேரத்தில்கூட ஒவ்வொன்றும் 50ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் சரியான கணக்கு. அதற்குப் பணம் கிடைக்காததால் எதைக் கைவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தோம்: குரல் முதல் வரிசை, பேக்கப்பும் மென்பொருள் அப்டேட்டும் கடைசி.

அப்புறம் பாதை வரைபடம் கேட்டு வாங்கினோம். இரண்டு நிறுவனம், இரண்டு பில், ஆனால் ஃபைபர் ஒரே பள்ளத்தில். ஒரு ஜேசிபி போதும். வேறு தெரு வழியாக ஒன்றை மாற்றச் சொல்லியிருக்கிறோம், அது வரும்வரை கணக்கில் அவற்றை ஒரே லிங்க்காகத்தான் வைக்கிறோம்.

செய்யப் போகிறவர்கள் ரவுட்டரில் பிஎஃப்டி ஹார்ட்வேரில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மென்பொருளில் ஓடினால் சிபியு திணறும் நேரத்தில் நல்ல லிங்க்கையே செத்ததாக அறிவித்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டு இரவில், ஒரு அழைப்பை ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், பெரிய மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும்.