பெட்டியில் எழுதிய வாற்றும் பியூசில் எழுதிய அம்பியரும்

என்னுடைய பழைய ரொயோட்டா கொரோலாவுக்கு முதன்முதலாக, பாட்டுச் செற்றிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் அம்பிளிபயர் வாங்கியபோது, யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கடையில், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த 1800 வாற் என்ற எண்ணைப் பார்த்தே காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் ஒரேயொரு 25 அம்பியர் பியூஸ் செருகப்பட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது ஏறத்தாழ 14.4 வோல்ற்; இரண்டையும் பெருக்கினால், பியூஸ் எரியாமல் அந்த அம்பிளிபயர் தொடர்ந்து உள்வாங்கக்கூடியதே 360 வாற்தான். என்னுடையதைப் போன்ற ஏபி வகுப்பு அம்பிளிபயர்கள் உள்வாங்குவதில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே ஸ்பீக்கருக்குக் கொடுத்து, மீதியை வெப்பமாக விடுபவை என்பதால், ஸ்பீக்கர்களுக்கான நான்கு சனல்களுக்கும் (வெளியீடுகளுக்கும்) சேர்த்து 200 வாற்கூடத் தேறாது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியை வாசிப்பதில்லை, பியூசைத்தான் வாசிக்கிறேன்.

ஆனால் சனல் ஒன்றுக்கு 50 வாற் என்பது, அது மெய்யான ஆர்.எம்.எஸ் அளவாக, அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியாக இருந்தால், ஒரு காருக்குத் தாராளமாகப் போதும். காரின் பாட்டுச் செற்றின் முகப்பில் 50 பெருக்கல் 4 என்று எழுதியிருந்தாலும், உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் ஏற்பாடு இல்லாத சாதாரண செற், 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு கணக்கின்படியே 26 வாற். நடைமுறையில் 20 வாற் கிடைத்தாலே பெரிய காரியம்.

ஆகையால் முதலில் ஸ்பீக்கரைத் தெரிவுசெய்து, அதன் ஆர்.எம்.எஸ் அளவுக்கும் ஓம் அளவுக்கும் பொருந்துகின்ற அம்பிளிபயரைப் பின்னர் தேடுவதே முறை என்பேன். ஸ்பீக்கரின் விபரத்தாளில் பலரும் கவனிக்காமல் விடுவது டெசிபெல்லில் குறிக்கப்படும் உணர்திறன், அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 3 டெசிபெல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதிச் சக்தி போதும். அதாவது 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாற் கொடுத்துப் பெறுவதை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாற்றிலேயே தந்துவிடும். முன்கதவுகளுக்கு, கீச்சான மேல்ஒலிக்கான சிறிய ஸ்பீக்கராகிய ருவீற்றர் தனியாக வரும் ஆறரை அங்குல கொம்பொனன்ற் சோடியையே வாங்கினேன். வாங்குமுன் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, காந்தம் இடிக்காத ஆழம் உண்டா என்று அளந்து பார்ப்பது அவசியம்.

கடையில் போட்டுக் காட்டும் பாட்டுகள் எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். நான் கையோடு கொண்டுபோவது, யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பும் ஒரு நாதஸ்வரப் பதிவும். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கம்பு விழும் அடி கட்டையாகவும் தெளிவாகவும் கேட்காமல் 'பொம்' என்று இழுபட்டால், ஒன்றில் ஸ்பீக்கர் தளர்ந்தது, அல்லது அது பூட்டப்பட்டிருக்கும் பலகை அதிர்கிறது. நாதஸ்வரம் மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது காது கூசினால் அந்த ருவீற்றரோடு ஏ9 வீதி வழியாகக் கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணிக்க முடியாது.

என் காரில் குற்றம் கதவில் இருந்தது. பழைய ஸ்பீக்கரின் ரிவெற்றுகளைத் துளைத்துக் கழற்றி, புதியதை மரவளையத்தில் பூட்டி, தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் பியூற்றைல் ரப்பர்த் தாளை ஒட்டி, பெரிய துவாரங்களையும் மூடிய பிறகு வந்த மாற்றத்தை அம்பிளிபயர்கூடத் தரவில்லை. அந்தத் தாளின் விலை ஸ்பீக்கரின் விலையில் கால்வாசிதான்.

வயரிலும் ஏமாந்தேன். தடித்த சிவப்பு வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டியபோது, செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். செம்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 60 சதவீதம் மட்டுமே, அதோடு எங்களுடைய உப்புக்காற்றில் அதன் முனைகள் விரைவில் பூத்துவிடும். இப்போது முழுச் செம்பு வயர் போட்டு, பற்றறியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் வைத்து, எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய வெறுந்தகட்டில் இறுக்கியிருக்கிறேன். சிக்னல் வயரை மின்வயர் போகாத மறுபக்கத்தால் கொண்டுபோனதும், எஞ்சினை முறுக்கும்போது கேட்ட கீச்சொலி நின்றுவிட்டது.

அம்பிளிபயரை செற்றின் சிக்னல் அளவுக்குப் பொருத்துகின்ற கெயின் திருகி, சத்தத்தைக் கூட்டுவதற்கானதல்ல என்பதைப் பூட்டித் தந்த தம்பிக்கு விளங்கவைக்கப் பெரும்பாடுபட்டேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, செற்றில் சோதனை ஒலியை ஓடவிட்டு, 4 ஓமில் 50 வாற்றுக்குரிய 14.1 வோல்ற்றை மீற்றர் காட்டும் இடத்தில் நிறுத்தினோம். முன் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டோம்.

அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கராகிய சப்வூபர் இன்னும் வாங்கவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் கொழும்புக்குப் போகும்போது டிக்கியில் மாம்பழப் பெட்டிக்கும் ஒடியல் மாவுக்குமே இடம் காணாது. மனைவியிடம் அதைப்பற்றி வாயெடுக்கவே முடியாது. ஆசனத்துக்குக் கீழே வைக்கும் தட்டையான 8 அங்குலப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதன் பியூசையும் பார்த்தாயிற்று.