ரெக்கார்டு நோட்டில் நாம் வரைவது கணிகமா, மாவுமணியா?

பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டில் உருளைக்கிழங்கு செல்லுக்குள் முட்டை முட்டையாக வரைந்து, பக்கத்தில் லியூக்கோபிளாஸ்ட், அதாவது நிறமில்லாக் கணிகம், என்று எழுதிவிடுகிறோம். கணிகம் என்பது தாவரச் செல்லுக்குள் இருக்கும் ஒரு நுண்ணுறுப்பு. கண்ணில் பட்டது கணிகம் இல்லை, அதற்குள் அடைந்து கிடக்கும் மாவுமணி (ஸ்டார்ச் மணி). அதைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வு பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கிய உருளை ஒன்று போதும். வெட்டிய முகத்தை பிளேடு முனையால் சுரண்டி, வரும் பால்நீரை ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். சீவி வைத்தால் தடிப்பாகி இருட்டடிக்கும். முதலில் சாயமே வேண்டாம். 10 லென்ஸ், பிறகு 40. வெளிச்சத்தைக் குறைத்தால் சிப்பி ஓட்டு வரிபோல வளையங்கள் தெரியும். அவற்றின் மையம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். இதைப் பார்த்த பிறகுதான் அயோடின். மருந்துக்கடை பொவிடோன் அயோடின் 1 சொட்டுக்கு 10 சொட்டுத் தண்ணீர். நேராக விட்டால் எல்லாம் கரிக்கட்டையாகி வளையம் மறைந்துவிடும்.

அரிசியிலும் பார்க்கலாம், ஆனால் பச்சரிசிதான் வேண்டும். புழுங்கலில் மணிகள் நெல்லோடு வெந்தபோதே உருக்குலைந்திருக்கும். பச்சரிசியில் ஒரே கணிகத்துக்குள் கோணல்மாணலாகப் பல சிறு மணிகள் நெருக்கியடித்து இருக்கும்.

கணிகத்தையே பார்க்க ஆசையா? தொட்டியில் வளர்க்கும் ரியோ இலையின் ஊதா அடித்தோலை உரித்துத் தண்ணீரில் வையுங்கள். உட்கருவைச் சுற்றி நிறமில்லாத சிறு உருண்டைகள் மொய்த்திருக்கும். அவைதாம் லியூக்கோபிளாஸ்ட்.

நிறமில்லை என்பதால் இவற்றை வெறும் கிடங்காக நினைப்பது பெரிய தவறு. உருளையை வெளிச்சத்தில் போட்டுவைத்தால் சில நாளில் தோல் பச்சையாகும். மாவுக்கணிகமே பசுங்கணிகமாக மாறுகிறது. பச்சையம் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன் நஞ்சும் கூடும், வேகவைத்தாலும் போகாது. கசந்தால் கிழங்கையே தூக்கிப்போடுங்கள்.

எலாயோபிளாஸ்ட் என்ற நிறமில்லாக் கணிகம் எண்ணெய் சேமிக்கும் என்று படித்துவிட்டு நிலக்கடலையில் தேட வேண்டாம். கொழுப்பு அமிலம் கணிகத்தில் உருவாகிறது, சேமிப்பதோ கணிகத்துக்கு வெளியே உள்ள எண்ணெய்த் துளிகளில். கணிகத்தில் இருப்பதாக நாம் எழுதிவைக்கும் பருப்பின் புரதமும் பெரும்பாலும் வாக்குவோல்களில் (செல்லுக்குள் உள்ள சேமிப்புப் பைகளில்) தான் இருக்கிறது. இந்த இடத்தில் நம் குறிப்பேடுகள் திருந்த வேண்டும்.

வேர்நுனியில் இதே மாவுக்கணிகத்துக்கு வேறு வேலை: எது கீழ்ப்பக்கம் என்று வேருக்கு உணர்த்துவது. முளைகட்டிய பாசிப்பயறு ஒன்றை, வேர் 1 செ.மீ. வந்ததும் ஈரத்துணியில் படுக்கையாக வையுங்கள். வேர்மூடிச் செல்களில் கனமான கணிகங்கள் அடிப்பக்கம் இறங்கும். விடிந்து பார்த்தால் வேர் தரையைப் பார்த்து வளைந்திருக்கும்.