மோதலுக்கு முன்னாடியே மியூவான் வந்துடுச்சு

எல்எச்சின்னாலே (ஜெனீவா பக்கத்துல புரோட்டான்கள மோத விடற பெரிய வளைய இயந்திரம்) எல்லாரும் 2012ல ஹிக்ஸ் துகள கண்டுபிடிச்சதத்தான் பேசுவாங்க, எனக்கு என்னவோ அதுக்கு நாலு வருஷம் முன்னாடி 2008ல சிஎம்எஸ் டிராக்கர்ல (சிஎம்எஸ்ங்கறது அங்க மோதல பதிவு பண்ற பெரிய கருவி, டிராக்கர் அதுல துகள் போன பாதைய பாக்கற நடுப்பகுதி) நடந்த அலைன்மென்ட் வேலைதான், அதாவது ஒவ்வொரு சென்சாரும் சரியா எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கற வேலைதான், அதவிட பெருசா தோணும். ஏன்னா டிராக்கர் சொல்ற இடத்த நம்ப முடியலன்னா அதுக்கப்புறம் வர்ற எதையுமே நம்ப முடியாது.

மொத்தம் சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கான், அதுல 15,148 ஸ்ட்ரிப் மாட்யூல் (மெல்லிய பட்டைகளா பிரிச்ச சென்சார்), நடுவுல துகள் கற்றை ஓடற பீம் பைப்ப ஒட்டி பிக்சல் லேயர்கள் (குட்டி கட்டங்களா பிரிச்ச சென்சார் அடுக்குகள்). சார்ஜ் உள்ள துகள் ஒண்ணு போனா லேயருக்கு ஒரு புள்ளி விழும், 3.8 டெஸ்லா காந்தப்புலத்துல பாதை வளையும், வளைவ வெச்சு உந்தத்த கணக்கு போடலாம். ஆனா 1 டெராஎலக்ட்ரான்வோல்ட்ங்கற ரொம்ப அதிக ஆற்றல் உள்ள மியூவானா (எலக்ட்ரான் மாதிரி, ஆனா அதவிட கனமான துகள்) இருந்தா ஒரு மீட்டர் பாதையில நடுப்பகுதி நேர்கோட்டுலேந்து விலகறது 0.15 மில்லிமீட்டருக்கும் கம்மி! மாட்யூல கையால மாட்டும்போதே நூத்துக்கணக்கான மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தள்ளி உக்காந்திருக்கும், சென்சாரோ பத்து இருபது மைக்ரானுக்கு புள்ளி சொல்லும். அப்ப சென்சார் எவ்ளோ நல்லா இருந்து என்ன, அது எங்க இருக்குன்னே தெரியலையே.

அலைன்மென்ட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு சேனலோட பெடஸ்டல் (துகள் வராதப்பவே இருக்கற அடிப்படை அளவு), நாய்ஸ் பாக்கணும், கேபிள் நீளம் வேற வேறயா இருக்கறதால டைமிங் சரி பண்ணணும் (25 நானோசெகண்டுக்கு ஒரு தடவ ரெண்டு பீமும் சந்திக்கும், அதுக்குள்ள சிக்னலோட உச்சிய பிடிக்கணும்), கெயின் (சிக்னல எவ்ளோ பெருக்குதுங்கறது) சமன் பண்ணணும். இதெல்லாம் பொறுமையான வேலை, ஆனா வழி தெரிஞ்ச வேலை.

அலைன்மென்ட் அப்படி இல்ல. அளக்கற கருவியோட இடத்த, அது அளந்த பாதைய வெச்சே கண்டுபிடிக்கணும். லட்சக்கணக்கான பாதைகளையும் எல்லா மாட்யூலோட நகர்வு, சாய்வையும் ஒரே கணக்குல போட்டு, புள்ளிக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி மொத்தமா குறையற மாதிரி தீர்வு தேடறாங்க, மில்லிபீட்னு ஒரு ப்ரோக்ராம் இதுக்குன்னே இருக்கு.

2008 செப்டம்பர் 10 பீம் ஓடிச்சு, 19ஆம் தேதி ஹீலியம் கசிஞ்சு காந்தங்கள் சேதமாகி எல்லாம் நின்னு போச்சு. மோதலே கிடையாது. ஆனா வானத்துலேந்து காஸ்மிக் மியூவான் (விண்வெளிக் கதிர் காத்துல மோதறப்ப உண்டாகற மியூவான்) சுமார் 100 மீட்டர் மண்ணு பாறைய துளைச்சுக்கிட்டு கீழ வந்துக்கிட்டேதான இருக்கு, அதுக்கப்புறம் ஒரு மாசம் காந்தத்த முழுசா ஏத்தி வெச்சு ராத்திரி பகலா 27 கோடி நிகழ்வு பதிவு பண்ணாங்க. உருளை மாதிரி இருக்கற நடு பேரல் பகுதியில மாட்யூல் எங்க இருக்குங்கற துல்லியம் 3, 4 மைக்ரானுக்கு வந்துச்சு, இன்னும் ஒரு மோதல் கூட நடக்காதப்பவே!

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் வீக் மோடுங்கறது, அதாவது புள்ளிகளோட பாதைய பொருத்தற ஃபிட்டுல தெரியாமலே ஒளிஞ்சிருக்கற தப்பு. டிராக்கர் மொத்தமும் ஒரு முனையிலேந்து மறு முனைக்கு லேசா முறுக்கிக்கிட்டா மையத்துலேந்து கிளம்பற பாதைகள் எல்லாம் அதே மாதிரி வளைஞ்சு கச்சிதமா பொருந்திடும், ஃபிட் அழகா இருக்கும், ஆனா பாசிட்டிவ் துகளுக்கு உந்தம் ஒரு பக்கமும் நெகட்டிவ்க்கு எதிர்ப்பக்கமும் தப்பா வரும். மோதல் பாதைய எவ்ளோ குவிச்சாலும் இது சுலபத்துல பிடிபடாது. காஸ்மிக் மியூவான் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒரே கோட்டுல கோர்த்துடும், மையம் வழியா போகணும்னு கட்டாயமும் இல்ல, அதான் அதுக்கு மதிப்பு. இசட் போசான்ங்கற கனமான துகள் மியூவான் ஜோடியா சிதையும்போது நிறை 91.19 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்ட சுத்தி எல்லா திசையிலயும் ஒரே மாதிரி வருதான்னும் பாப்பாங்க. என்னைக் கேட்டா எந்த அலைன்மென்ட்டையும் ஃபிட் நல்லா இருக்குங்கறத மட்டும் வெச்சு ஒத்துக்கவே கூடாது.

ஒரு தடவ பண்ணிட்டா முடிஞ்சதுன்னும் இல்ல. காந்தத்த இறக்கி ஏத்தினாலோ குளிரூட்டல் மாறினாலோ பிக்சல் பாகங்கள் நகரும், கதிர்வீச்சு பட்டு பட்டு சிலிக்கானுக்குள்ள எலக்ட்ரான் சாயற லோரன்ட்ஸ் கோணம் மாறும், அது மாட்யூலே நகர்ந்த மாதிரி தெரியும். 2017ல பிக்சலையே புதுசா மாத்தினப்ப மறுபடி முதல்லேந்து. இப்பல்லாம் டேட்டா வந்ததும் பெரிய பிக்சல் பாகங்கள் எங்க இருக்குன்னு தானா கணக்கு ஓடி, 48 மணி நேர இடைவெளிக்குள்ள திருத்தின இடங்களோடதான், புள்ளிகள்லேந்து பாதைகள கட்டற முழு ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஆரம்பிக்குது.