துவைகல்லும் கூட்டுப்பட்டாவும்

பட்டா வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் தினம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. அவர்களில் நாலு பேர் உயிரோடு இல்லை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்று ஊரில் யாருக்குமே தெரியவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வரும் அலுவலர்களை நான் நாளைக்கும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாக வேண்டும். சென்னையில் பதினாறு வருடம் வாடகை கொடுத்த நானும் என் வீட்டுக்காரரும் தெற்கே ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றையும் அதன் பின்னால் 11 சென்ட் தோட்டத்தையும் வாங்கினோம். அவ்வளவு தெரிந்தால் போதும். ஏன் வந்தோம் என்று கேட்டால் எங்கள் இருவரிடமும் வேறு வேறு பதில் இருக்கிறது.

வீடு வாங்கப் போனவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதுதான் முதல் தப்பு. உத்தரத்தைத் தட்டிப் பார்த்தோம். நிலைப்படியில் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். தோட்டத்தை மட்டும் கொல்லைப்புறக் கதவில் சாய்ந்து நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிட்டோம். வீடு நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான நிலத்தில் இருக்கிறது. அதற்கு நத்தம் பட்டா தனியாக, சிக்கல் இல்லாமல் இருந்தது. தோட்டமோ வேறு சர்வே எண், புஞ்சை, அதுவும் பலர் பெயரில் சேர்ந்தே இருக்கும் கூட்டுப்பட்டா. ஒரே வேலிக்குள் இருந்ததால் ஒரே சொத்து என்று நினைத்துவிட்டோம். கிராமத்தில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வேலிக்குள் எத்தனை சர்வே எண் இருக்கிறது என்பதுதான். வேப்பமர நிழல் எவ்வளவு நீளம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டாவுக்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. விற்றவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். சொத்து இறந்துபோன அப்பா பெயரில். இறப்புச் சான்று கொடுத்தார்கள். தோட்டத்துக்கு 1978-இல் எழுதிய மூலப்பத்திரத்தைக் கொடுத்தார்கள். இ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக வந்தது. வாரிசுச் சான்று கேட்டபோது மட்டும், "அதான் நாங்க மூணு பேரும் வந்து கையெழுத்துப் போடுறோமே, அது எதுக்கும்மா?" என்றார்கள். நான் விடவில்லை. பொங்கலுக்கு முன்னால் கேட்டது மாசி பிறக்கும்போது வந்தது. அதில் நாலு பெயர். மூத்தவர் ஒரு அக்கா, மும்பையில் இருக்கிறார்.

"அக்காவுக்கு எல்லாம் செஞ்சு குடுத்தாச்சு" என்றார் கடைசித் தம்பி. பத்திர எழுத்தரும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். இப்போது மூவர் கையெழுத்தில் முடித்துவிடலாம், பிற்பாடு அந்த அம்மாவிடம் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். பிற்பாடு அவர் தரவில்லையென்றால் யார் வாங்கித் தருவது? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தக் கதவையும் திறந்துவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்குப் பங்கு 1956 முதலே உண்டு. சீர் செய்ததெல்லாம் இதில் எந்தக் கணக்கிலும் வராது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். பதிவாகாத ஒரு அக்காவை அது காட்டாது. "இ.சி. கிளியர்" என்று யாராவது சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் நானே போனில் பேசினேன். பேரனுக்குப் பரீட்சை, முடிந்ததும் வருகிறேன் என்றார். பங்குனி முழுக்க அண்ணன் தம்பிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்கோ சென்னை வீட்டு வாடகை ஒரு பக்கம், கொடுத்த முன்பணம் ஒரு பக்கம். ஏப்ரல் நடுவில் அவர் வந்தார். தன் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து என் கையைப் பிடித்து, "அடுப்படி சன்னலை மட்டும் மாத்திடாத தாயி" என்றார். மாற்றவில்லை.

அவர் தாமதமாக வந்ததில் எங்களுக்கு ஒரு லாபம் கிடைத்தது. 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருந்தார்கள். எங்கள் பத்திரத்தின் மதிப்பு 9,40,000. பிப்ரவரியிலேயே முடிந்திருந்தால் 9,400 ரூபாய் கூடக் கட்டியிருப்போம். சொத்து என் பெயருக்கு வந்ததில் ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "சார் வரலையா?"

வைகாசியில் குடிவந்தோம். லாரி தெருமுனையில் நின்றுவிட்டது, சாமான்கள் டிராக்டரில் மூன்று நடையாக வந்தன. மின் இணைப்புப் பெயர் மாற்றம், எரிவாயு, குடும்ப அட்டை முகவரி, வாக்காளர் பட்டியல் எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டன. போன் என்றதும் ஞாபகம் வருகிறது. வீடு பார்க்கப் போகும்போது சிக்னல் இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள், உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறைக்குள் போய்ப் பாருங்கள். ஓட்டு வீட்டின் சுவர் இரண்டடி கனம். என் அலுவலகக் கூட்டங்கள் முதல் ஒரு மாதம் கிணற்றடியில் நடந்தன. ஊராட்சியில் வீட்டு வரிப் பெயர் மாற்றம் ஒரே மதியத்தில் ஆனது, அந்தச் செயலாளருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் தோட்டம்.

பத்திரம் பதிவானால் பட்டா தானாக மாறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. தோட்டத்துக்கு வரவில்லை. 1 ஏக்கர் 32 சென்ட் உள்ள ஒரு சர்வே எண்ணில் நாங்கள் வாங்கியது 11 சென்ட். அதைத் தனியாகப் பிரிக்காமல் விட்டால் கூட்டுப்பட்டாவில் எட்டாவது பெயராக நானும் சேர்ந்துகொள்ளலாம், நாளை எளிதில் விற்கவோ கடன் வாங்கவோ முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். பதினெட்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: நிராகரிக்கப்பட்டது. காரணம், ஆவணங்கள் போதவில்லை. எந்த ஆவணம் என்று இல்லை.

கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். அவருக்கு எங்கள் கிராமம் கூடுதல் பொறுப்பு. வியாழக்கிழமை வருவார் என்றார்கள், வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் கூட்டம். அடுத்த வியாழன் தேர்த் திருவிழா பந்தோபஸ்து. மூன்றாவது வியாழன் ஆளைப் பிடித்தேன். என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா? அவரை வரச் சொல்லுங்க, விளக்கமாச் சொல்றேன்" என்றார். விளக்கத்தை என்னிடமே சொல்லலாம் என்றேன். ஒரே வரியில் சொன்னார். பத்திரத்தில் விற்றவர்களின் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று வேண்டும்.

யார் தருவார்கள் அந்தச் சான்றை? தாலுகா அலுவலகம் போகச் சொன்னார். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே இருந்த எழுத்தர், வி.ஏ.ஓ. அறிக்கை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வி.ஏ.ஓ.வோ தாலுகாவிலிருந்து கடிதம் வந்தால்தான் அறிக்கை எழுதுவேன் என்றார். சர்வேயரைப் பார்க்கலாமே என்றால் சர்வேயர் மருத்துவ விடுப்பு. இப்படி நாலு நடை. நாலாவது நடையில் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார், அவர் மேசையில் என் மனு சாம்பார் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. அன்றைக்குப் பேருந்தில் அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

வழி சொன்னது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். "ஏன் தாயி இப்படி அலையுற? ஜமாபந்தி வருதுல்ல, அங்க குடு." அந்தச் சொல்லை அதுவரை செய்தித்தாளின் உள்பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். வருவாய்த் தீர்வாயம் என்று நோட்டீசில் போடுவார்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் கடைசியில் முடிகிறது, அதற்கு முன்பாகக் கிராமக் கணக்குகளை மேலதிகாரி ஒருவர் தாலுகா அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்து தணிக்கை செய்வார். சில கிராமங்கள் சேர்ந்த ஒவ்வொரு உள்வட்டத்துக்கும் ஒரு நாள். அன்றைக்கு அந்தக் கிராமத்து மக்கள் நேரில் மனுக் கொடுக்கலாம். எங்களுடையது பசலி 1434.

காலை ஒன்பதுக்கே போய்விட்டோம், வீட்டுக்காரரும் வந்தார். பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் துரத்திய வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், எழுத்தர், விடுப்பு முடிந்து வந்த சர்வேயர் எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் கைகாட்டித் தப்பிக்க முடியாது, எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் வீட்டுக்காரர் எழுந்தார். "அவர் இல்லைங்க, நான்" என்று முன்னால் போனேன்.

மனுவோடு பத்திரம், மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, கூட்டுப்பட்டா, நிராகரித்த விண்ணப்ப எண் எல்லாவற்றையும் வரிசையாக நூலில் கோத்து வைத்திருந்தேன். அந்த அதிகாரி மூலப்பத்திரத்தைப் புரட்டினார். 1978 பத்திரத்திலேயே அப்பாவின் பெயர் இரண்டு இனிஷியலோடும் இருந்தது! ஒன்று அவருடைய அப்பாவுடையது, இன்னொன்று ஊருடையது. இத்தனை நாள் என் பையிலேயே இருந்திருக்கிறது, நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லி, சர்வேயர் பக்கம் திரும்பி எப்போது அளப்பீர்கள் என்று கேட்டார். சர்வேயர் இரண்டு வாரம் என்றார். மனுவுக்கு எண் போட்ட ரசீதை வாங்காமல் நான் நகரவில்லை, நீங்களும் நகராதீர்கள்.

இரண்டு வாரம் எட்டு வாரமானது. ஆவணியில் வந்தார். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புப் போயிருந்ததால் வேலியோரம் சின்னக் கூட்டம். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை விரித்துச் சர்வேயர் கல்லைத் தேடினார். வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டிய அளவைக் கல்லைக் காணவில்லை. அரை மணி நேரம் மண்வெட்டியால் கிளறினார்கள். அப்போதுதான் அந்தப் பெரியவர் கிணற்றடியைக் காட்டி, "கல்லு எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியுமே, பாப்பா அதுலதான துணி துவைக்குது" என்றார்.

நான் மூன்று மாதமாகத் துணி அடித்துத் துவைத்த கல் சர்க்கார் கல். விற்றவர்களின் அப்பா காலத்திலேயே பிடுங்கி அங்கே போட்டிருக்கிறார்கள். சர்வேயர் என்னைப் பார்த்து, அளவைக் கல்லைப் பாதுகாப்பது நில உரிமையாளரின் கடமை என்று 1923-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். நான் உரிமையாளர் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை, திட்டு வாங்கியபடியே சந்தோஷப்பட்டேன்.

வேறு கற்களிலிருந்து அளந்து மூலையைக் கண்டுபிடித்தார். எங்கள் வேலி உண்மையான எல்லையைத் தாண்டி வெளியே இருந்தது. 11 சென்ட் என்று வாங்கியது பத்தரைதான். பட்டாவில் சென்ட் வராது, ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். 4.45 ஏர் இருக்க வேண்டிய இடத்தில் 4.25. அரை சென்ட் என்றால் 218 சதுர அடி. சென்னையில் எங்கள் படுக்கையறை அதைவிடச் சின்னது. முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு தனியார் சர்வேயரை வைத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணன் தம்பிகளிடம் கேட்டால், "அப்பா சொன்ன அளவும்மா அது" என்கிறார்கள். வேலியைப் பிரித்து உள்ளே தள்ளிப் போட்டோம். பெரியவர் பக்கம் போன இடத்தில் எங்கள் முருங்கையும் போய்விட்டது. காய் எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.

கல்லை அன்றைக்கே மூலையில் நட்டுவிட்டார்கள். எந்நேரமும் சோப்பு நுரை பட்டுத் தேய்ந்ததில் தலைப்பக்கம் வழவழவென்று இருக்கிறது. துணி துவைக்க வேறு கல் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும் என்றார்கள். இரண்டு வாரமாக அதையேதான் சொல்கிறார்கள்.