இரண்டு வெயில், ஒரு துண்டு

மே 4

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனேன். துடைக்க ஒன்றுமே இல்லை. கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு ஏசியிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் ஆவி படிந்தே ஆக வேண்டும். அது படியாததால் இன்னும் உள்ளேதான் நிற்கிறேனோ என்று தோன்றியது. பலகையில் 42 டிகிரி என்று போட்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டவில்லை, கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பாலைவன வெயில் இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் படித்துச் சிரிக்கலாம்.

மே 6

துவைத்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் துண்டின் ஓரம் விறைத்துவிட்டது. மணி பார்த்தேன். முழுசாகக் காய 22 நிமிடம். பழைய வீட்டில் மழைக்காலம் இல்லாதபோதே துண்டு ஒரு நாள் தொங்கும், அப்போதும் அந்த ஈர வாடை போகாது. அலமாரிக்குள் தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கும்.

இங்கே பூசணம் இல்லை. ஆனால் உதடு வெடித்துவிட்டது, குதிகாலும் பிளக்கிறது. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் லேசாக ரத்தம். அறைக் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் வேறு. காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் மின்னூட்டம் தானாகக் கசிந்துவிடும், இங்கே அது நம் விரலுக்காகக் காத்திருக்கிறது.

மே 9

சிரிக்க வேண்டிய நாள் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை.

காலை பத்து மணிக்கு மேல் நடக்கக் கிளம்பினேன். வியர்க்கவே இல்லை, அதனால் களைப்பு தெரியவில்லை, தாகமும் இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது தலை விண் விண்ணென்று தெறித்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிறுநீர் அடர் மஞ்சள். கறுப்புச் சட்டையைக் கழற்றினால் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு, கரை ஒதுங்கிய அலை போல. அதாவது வியர்த்திருக்கிறது. வந்த வேகத்தில் காய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். எடை பார்த்தேன், காலையில் பார்த்ததைவிட 1.6 கிலோ குறைவு. ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் என் உடம்பிலிருந்து போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே.

கடற்கரைப் புழுக்கத்தில் இப்படி ஏமாற முடியாது. பத்து நிமிடத்தில் நனைந்து, கசகசத்து, எரிச்சலாகி நாமே நிழல் தேடிப் போய்விடுவோம்.

மே 10

தலைவலி குறைந்துவிட்டது. படுத்தபடியே யோசித்ததை எழுதுகிறேன்.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே லிட்டர் சொட்டிக் கீழே விழுந்தால் பயன் கிட்டத்தட்டப் பூஜ்யம். கடலோரத்தில் 33 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. இங்கே 42 டிகிரி, 10 சதவீதம் என்றால் 6 கிராம்கூட இல்லை. நனைந்த தோலை ஒட்டிய காற்றில் 40 கிராம் அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் வியர்வை ஓடிப்போகும் என்பது தெரிந்துவிடும். அங்கே நான் இத்தனை வருடம் சொட்டச் சொட்ட வியர்த்ததில் பாதி வீண்.

மே 17

தம்பியோடு போனில் சண்டை. "இங்க 33 டிகிரிதான்க்கா, ஆனா உயிர் போகுது. நீ 43ல இருந்துக்கிட்டு நல்லாருக்கேங்கற, கதை விடாத" என்றான். சரி, அளந்தே பார்ப்போம் என்றேன்.

இரண்டு வெப்பமானி வேண்டும். ஒன்றின் குமிழை அப்படியே விட வேண்டும். மற்றதன் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாக வெப்பம் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அதைத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். நனைந்த தோல் அந்தக் காற்றில் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதற்கு அதுதான் எல்லை.

எனக்கு வந்தது: காய்ந்த குமிழ் 43, ஈரக்குமிழ் 20. அவனுக்கு: 33, 29.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றான். இந்த ஒரு தடவை ஒப்புக்கொண்டேன்.

தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். ஈரக்குமிழ் அந்த அளவுக்கு ஏறிவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்து ஃபேன் போட்டு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் உடம்பு வெப்பத்தை வெளியே தள்ள முடியாது. 2010இல் ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இரு விஞ்ஞானிகள் 35ஐ மனித உடம்பின் எல்லை என்று எழுதினார்கள். 2022இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது ஈரமான வெப்பத்தில் அந்த எல்லை 31ஐ ஒட்டியே வந்துவிட்டது. தம்பியின் 29க்கும் அதற்கும் இடையே அதிக தூரம் இல்லை. அவனிடம் இதைச் சொல்லவில்லை.

மே 18

நேற்றைய சண்டையின் தொடர்ச்சியாகப் படித்தது. 1770களில் லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் சில நண்பர்களோடு, 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிய ஓர் அறைக்குள் போய் நின்றிருக்கிறார். வறண்ட காற்று. ஒரு நாயையும் கூட்டிப்போனார்கள், கால் சுடாமலிருக்கக் கூடையில் வைத்து. உள்ளே வைத்த முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்துவிட்டன. மனிதர்களும் நாயும் நடந்து வெளியே வந்தார்கள். அந்த அறையில் கொஞ்சம் நீராவியை விட்டிருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஜூன் 2

ராத்திரியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு வெயிலுக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான்.

நேற்று மதியம் 44. விடிகாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் 25. போர்வை தேடினேன். தம்பி ஊரில் பகல் 34, ராத்திரி 29. ஐந்து டிகிரிதான் இறங்கியிருக்கிறது. காற்றிலிருக்கும் நீராவி, தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பிடித்துத் திரும்பவும் கீழே அனுப்புகிறது. கடலும் பகலில் வாங்கியதை மெதுவாகத்தான் விடும். இங்கே மேலே மூடி இல்லை. சூரியன் போனதும் மணல் எல்லாவற்றையும் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

பகலில் உடம்பு படும் பாட்டுக்கு ராத்திரிதான் ஓய்வு. கடலோரத்தில் அந்த ஓய்வு கிடையாது. தலையணை உறையைத் திருப்பிப் போட்டு, குளிர்ந்த பக்கத்தைத் தேடி, அதுவும் ஐந்து நிமிடத்தில் சூடாகி, எழுந்து முகம் கழுவி, திரும்பப் படுத்து... முப்பது வருடம் இதைத்தான் தூக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 20

46 டிகிரி. ஃபேன் போட்டால் முகத்தில் அனல் அடிக்கிறது. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் நம் மேல் வெப்பத்தைத்தான் கொட்டுகிறது. 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. புழுக்கமான ஊரில் ஃபேன்தான் தெய்வம், இங்கே அது எதிரி.

ஆனால் ஏர் கூலர்! நனைந்த புல்தட்டி வழியாகக் காற்றை இழுத்து அறையை 27க்குக் கொண்டுவந்துவிடுகிறது. கடலோரத்தில் ஒருமுறை கூலர் வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஏற்கெனவே புழுங்கும் அறையில் இன்னும் ஈரத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறை ஏசியின் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். நுனியில் சிலந்தி வலை. எங்கள் வீட்டு ஏசிக் குழாயின் கீழே தினமும் ஒரு வாளி நிரம்பும். ஏசியே முதலில் ஈரத்துக்காக வந்ததுதான். 1902இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரக் காற்றில் காகிதம் உப்பி வண்ணங்கள் இடம் மாறி அச்சானதுதான் அங்கே பிரச்சினை.

ஜூலை 13

மூன்று நாளாகக் காற்று திசை மாறிவிட்டது. 38 டிகிரிதான், ஆனால் ஈரக்குமிழ் 27. கூலரில் பாசி நாற்றம், தரையெல்லாம் நசநச. 46ஐ அசராமல் தாங்கியவர்கள் எல்லாம் முனகுகிறார்கள். துண்டு காய இரண்டரை மணி நேரம்.

பாலைவனம் என்றால் எப்போதும் வறட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தது என் தப்பு. சவுதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று வெப்பம் 42, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 35 என்று பதிவாகியிருக்கிறது. பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், நன்றாகச் சூடாகும். அதன் ஈரம் பாலைவன வெப்பத்தோடு சேர்ந்தால் இரண்டு வெயிலும் ஒரே நாளில் ஒரே ஆள் மேல்.

ஆகஸ்ட் 16

விடுமுறைக்கு வீடு. விமான நிலைய வாசலிலேயே கண்ணாடி முழுக்க ஆவி, எதிரே நின்ற தம்பியைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"46லயே இருந்தவளாச்சே, இதெல்லாம் உனக்கு ஜுஜுபிக்கா" என்றான். அரை மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 19

கழுத்தில் வியர்க்குரு. எந்நேரமும் நனைந்தே இருப்பதால் தோல் ஊறி வியர்வைத் துளைகள் அடைபட்டுவிட்டன. வந்து மூன்று நாளில் எடையும் ஒரு கிலோ கூடியிருக்கிறது, அது வியர்வைக் கணக்கில் வராது என்று தம்பி சொல்கிறான். ஆனால் உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது, மூக்கில் ரத்தம் இல்லை, கைப்பிடியைத் தயங்காமல் தொடுகிறேன்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குத் துண்டைக் கொடியில் போட்டு நேரம் குறித்துவைத்தேன். காலை ஏழு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் இன்னும் ஈரம், அதே வாடை. அதையே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.