தாவுங் குழந்தை

நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகள், 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் டர்பன் வந்த ட்ரூரோ கப்பலிலிருந்தே தங்கள் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். அதனினும் பழைய கதை இம்மண்ணிலேயே கிடந்தது. 1924-இல் தாவுங் என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் சிறு மண்டையோட்டில் பால்பற்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. தண்டுவடம் நுழையும் துளை பின்புறமாக அல்லாமல் அடிப்பகுதியில் அமைந்திருப்பதைக் கண்ட உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட், மனிதக் குரங்கின் அளவே மூளை கொண்ட அவ்வுயிர் நிமிர்ந்து நடந்தது என்று 1925-இல் துணிந்து அறிவித்தார். மூளை பெருத்த பிறகே மனிதன் எழுந்து நின்றான் என்று நம்பிய அறிஞர்கள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. கண்குழிகளிலுள்ள தடயங்களைக் கொண்டு, கழுகு ஒன்று அக்குழந்தையை வேட்டையாடியிருக்கலாம் என்று கருதுகிறார்கள் (படித்த அன்று என் மனம் கலங்கிவிட்டது). அப்படி இரையாகிக் கொண்டிருந்த உயிர்களின் உறவுக் கிளையில் வந்த நாம்தான், பேரண்டத்துக்கு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு வயது என்று கணக்கிட்டிருக்கிறோம். ஜோகன்னஸ்பர்க் பெற்றோரே, இந்த விடுமுறையில் பிள்ளைகளை, மனிதத் தோற்றத்தின் கதையைச் சொல்லும் காட்சியகமான மரோபெங்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.