வாய்வுக் குளிசையும் ஸ்டீரொயிட்டும்

வன்னியில் ஒருவருக்கு கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கழிவு, ஏறிவிட்டது என்றால் வார்ட்டில் எழும்பும் முதல் கேள்வி, எலிக்காய்ச்சலோ என்பதுதான். வயல் வேலை நடக்கிற இடம், கேட்பதில் பிழையில்லை. ஆனால் மருந்தாலேயே வரும் சிறுநீரக அழற்சி ஒன்றும் இருக்கிறது, அது வடிகட்டிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையிலுள்ள இழையத்தைப் பிடிக்கும். காய்ச்சல், தோல் தடிப்பு எல்லாம் சேர்ந்து வரும் என்று படித்தோம், வந்து நான் கண்டது குறைவு.

அதனால் நான் கேட்பது மருந்துப் பையை. விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் சொப்பிங் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டுகள், பாதியில் பெயரே இல்லை. நாரி நோவுக்கு டைக்ளோபெனாக்.

"இது என்னத்துக்கு அம்மா?"

"அது வாய்வுக்கு, தம்பி. மாசக்கணக்கா போடுறன், ஒண்டும் செய்யாது."

ஒமெப்பிரசோல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் குளிசை. டைக்ளோபெனாக்கும் இந்தச் சிறுநீரக அழற்சியைக் கொண்டுவரும், ஒமெப்பிரசோலும் கொண்டுவரும், இரண்டையும் அன்றே நிறுத்தினோம். சிலருக்கு அதுவே போதும். சில நாளில் கிரியேட்டினின் இறங்காவிட்டால்தான் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட், அதற்கு மேல் தாமதிக்கவும் கூடாது, ஏனென்றால் ஒன்றிரண்டு கிழமைக்குள்ளேயே அழற்சி தழும்பாகத் தொடங்கிவிடும், தழும்பை எந்த மருந்தும் கரைக்காது. 2008இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 61 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: முழுதாகத் தேறியவர்களுக்கு, மருந்தை நிறுத்தி சராசரி 13 நாளில் ஸ்டீரொயிட் தொடங்கியிருந்தது, முழுதாகத் தேறாதவர்களுக்கு 34 நாள். பழைய பதிவுகளைப் பார்த்து எழுதியதுதான், உறுதியான பரிசோதனை இல்லை. என்றாலும் சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சிக்கு ஏ9 வீதியில் நோயாளியை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும்போது அந்த 34 மண்டைக்குள் நிற்கும்.

நாங்கள் கொடுக்கும் ஸ்டீரொயிட் பிரட்னிசொலோன், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 60க்கு மேல் போவதில்லை. அம்மாவுக்கு 5 மில்லிகிராம் குளிசையில் பத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. "ஒரே தரத்தில பத்தோ!" என்று மகளைப் பார்த்தார். தொடங்க முதல் சீனி, சயரோகம் இரண்டையும் பார்த்து, புழுவுக்கும் மருந்து கொடுத்தோம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களின் குடலில் ஒருவகைப் புழு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், ஸ்டீரொயிட் கொடுத்தால் உடம்பெல்லாம் பரவி ஆளையே கொல்லலாம்.

அப்புறம் ஒரு கூத்து. ஸ்டீரொயிட் எழுதிய கையோடு வயிற்றுக்கு ஒமெப்பிரசோலும் எழுதுவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அம்மாவின் மருந்து அட்டையிலும் வந்துவிட்டது, குளிசை கொடுக்கப் போன மிஸ்ஸிதான் பிடித்தார். வெட்டிவிட்டு, சிறுநீரகத்துக்கு ஏற்ற குறைந்த அளவில் பமோட்டிடின் என்ற வேறு வயிற்று மருந்து போட்டோம்.

இரண்டாம் கிழமையில் ஸ்டீரொயிட்டால் முகம் ஊதியது, நித்திரை இல்லை, பசியோ பசி. கிரியேட்டினின் நன்றாக இறங்கியது, பழைய இடத்துக்கு மட்டும் போகவில்லை. சுகம் வந்துவிட்டது என்று குளிசையைச் சடாரென்று விடக்கூடாது, கிழமைக்குக் கிழமை குறைக்க வேண்டும் என்று மகளிடம் இரண்டு தரம் சொன்னேன். கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் டைக்ளோபெனாக், ஒமெப்பிரசோல் இரண்டின் பெயரையும் எழுதி, கொடுக்க வேண்டாம் என்று போட்டோம். எங்களுக்காக ஆங்கிலத்தில், பார்மசிக்குப் போகும் மகளுக்காகத் தமிழில்.